கணினி வரிசை கேட்கக் கற்ற கதை

எழுத்துகள் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், சீன எழுத்துகளுக்கென்று ஆற்றங்கரையில் ஓர் ஊர் இருந்தது. அங்கே ஐ, யீ என்று அக்காவும் தங்கையும். ஐ என்றால் அன்பு. பதின்மூன்று கோடுகள் கொண்ட உடம்பு, நடுவில் ஓர் இதயம். யீ என்றால் ஒன்று. ஒரே ஒரு கோடு, அவ்வளவுதான். காற்றடித்தால் போய்விடுவாள் என்று அவள் கையை ஐ விடவே மாட்டாள்.

பக்கத்துக் காட்டில் மறதி என்றொரு மிருகம் இருந்தது. அது தின்ற எழுத்தை அப்புறம் பெற்ற தாய்கூட நினைக்க மாட்டாள். ஒருநாள் அது காட்டை விட்டு இறங்கிவிட்டது. ஊரே அலறியடித்துக்கொண்டு கோட்டைக்கு ஓடியது. வாசல் காவலன் கணினி. பலசாலிதான், ஆனால் எதையும் திருப்பிக் கேட்டுச் செய்கிற வழக்கமே கிடையாது, சரியான கல்லுளிமங்கன். வரிசையாக, ஒவ்வொருவராக வந்தால்தான் உள்ளே விடுவான்.

எந்த வரிசை? அங்கேதான் வந்தது வினை. "கோடு குறைந்தவர் முன்னால்!" என்றது ஒரு தெரு. "பெயரின் ஒலிப்படி!" என்றது இன்னொரு தெரு. அதற்குள் பின்னால் மரங்கள் முறியும் சத்தம். ஐ மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஒலிப்படி என்றால் அவள்தான் முன்னால். தங்கையையும் இழுத்துக்கொண்டு ஓடிவிடலாம்.

"ஒலிப்படியே விடு!" என்று கத்திவிட்டாள்.

கணினி அக்கா தங்கை கைகளைப் பிரித்தான். "நீ வா. இவள் இடம் கடைக்கோடி."

"அக்கா, விட்டுடாதே அக்கா!"

ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டோம்! ஐ வாசற்படியில் குறுக்கே விழுந்தாள். "நிறுத்துடா! யார் என்ன கத்தினாலும் செய்துவிடுவாயா? எந்த வரிசை என்று ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?"

கணினி விழித்தான். பிறந்ததிலிருந்து முதல் தடவையாகக் கேட்டான்: "ஒலிப்படியா, கோட்டுக் கணக்குப்படியா?"

கோட்டுக் கணக்கு என்றால் யீ முதல் ஆள். பதின்மூன்று கோட்டுக்காரி எங்கோ பின்னால். "கோட்டுக் கணக்குப்படி," என்றாள் ஐ.

யீ முதலில் உள்ளே ஓடினாள். ஐ பின்னால் போய் நின்றாள். மிருகத்தின் மூச்சு பிடரியில் சுட்டது. அவளுக்கும் பின்னால் நின்றவர்களில் எத்தனை பேர் போனார்களோ, யாருக்கும் நினைவில்லை. அவள் முறை வந்து படியேறியபோது அது நெஞ்சைப் பார்த்து ஒரே கவ்வாகக் கவ்வியது. கதவு சாத்தப்பட்டது.

யீ ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அக்காவின் நெஞ்சில் காதை வைத்தாள். சத்தமே இல்லை.

"அக்கா, என்னைத் தெரியுதா?"

"தெரியாமல் என்ன? நீ யீ," என்றாள் ஐ.

சீனப் பெயர்களை அடுக்கச் சொன்னால், ஒலிப்படியா, கோட்டுக் கணக்குப்படியா என்று கணினி நம்மைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது அன்றையிலிருந்துதான். சீனத்தில் பல ஊர்களில் அன்பு என்ற எழுத்தை இதயம் இல்லாமல் எழுதுவதும் அன்றையிலிருந்துதான்.