முட்டைப் பாட்டை எழுதியவர்

"நாளைக்கு என்னால் மேடை ஏற முடியாது, சென்செய்," என்றார் சுகிமோரி கென்சாகு.

ஜப்பானில் குருவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

குரு அப்போது தரையில் காலை நீட்டி, சுவரில் சாய்ந்து, ஒரு பொம்மைக் கீபோர்டின் வயிற்றைத் திறந்து நோண்டிக்கொண்டிருந்தாள்.

சீடருக்கு வயது ஐம்பத்தெட்டு. குரு மினாகாவா சயோவுக்கு நாற்பத்திரண்டு. அப்பனுக்கே பிள்ளை பாடம் சொன்ன கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது ஒன்றும் அதிசயமில்லை.

சயோவின் இசையை முதன்முதலில் கேட்டவர்கள் ரேடியோ கெட்டுவிட்டது என்று அதைத் தட்டிப் பார்த்தார்கள். குளிர்பான இயந்திரத்தின் முனகல், பொம்மலாட்டத்தில் கதை சொல்பவர் இழுக்கும் மூச்சு, பொம்மைக் கீபோர்டின் கீச்சுக்குரல் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டுக் கலக்குவாள். நடுவில் திடீரென்று ஒரு மெட்டு எழும். அப்புறம் ஒரு வாரத்துக்கு அதை வாயிலிருந்து துரத்த முடியாது.

பெர்லின் அவளைக் கொண்டாடியது. பிறகு லண்டன். கடைசியில்தான் அவள் பிறந்த ஒசாக்கா. உள்ளூர் மாடு விலை போகாது என்பது அங்கேயும் உண்மைதான்.

அவள் நடத்தும் கச்சேரிகளில் ஒரு வழக்கம் உண்டு. மேடை ஏறுபவர் முதலில் மைக்கின் முன் நின்று, தன் இசையை யாரிடமிருந்து எடுத்தார் என்று சொல்லவேண்டும். ஒரே வரி. அதன்பிறகுதான் வாசிக்கலாம். பொய் சொன்னவருக்கு மறுமுறை அழைப்பு கிடையாது.

"ஏன் முடியாது?" என்று கேட்டாள் சயோ.

"சொல்வதற்கு எனக்கு ஒரு பெயர்கூட இல்லை. உங்கள் பெயரைச் சொல்லட்டுமா?"

"கூடாது."

"நான் அதற்குத் தகுதியில்லாதவன் என்கிறீர்களா?"

"அப்படிச் சொன்னேனா? என்னிடம் வருவதற்கு முன்னாலும் நீங்கள் இசையில்தானே இருந்திருக்கிறீர்கள். அங்கிருந்து சொல்லுங்கள்."

"அது கம்பெனி வேலை."

"என்ன கம்பெனி?"

இத்தனை நாள் அவர் இந்தக் கேள்விக்குப் பிடிகொடுக்காமல் நழுவியிருந்தார். இன்று நழுவ இடமில்லை.

"சூப்பர் மார்க்கெட்டுகளுக்குப் பாட்டுப் போடுகிற கம்பெனி. முள்ளங்கிக்கு ஒன்று. தோஃபுவுக்கு ஒன்று. முட்டைக்கு ஒன்று. என் ஆயுளில் பாதி அதில் போயிற்று. நல்லவேளை, எதிலும் என் பெயரைப் போடவில்லை. போட்டிருந்தால் வெட்கத்தில் ஊரைவிட்டே ஓடியிருப்பேன்."

சயோவின் கையில் ஸ்க்ரூ டிரைவர் நின்றது.

"முட்டைக்கா?"

"அதை விடுங்கள், சென்செய்."

"பாடுங்கள்."

அவர் பாடினார். தரையைப் பார்த்துக்கொண்டு, குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி பாடினார். ஒரு தும்மலைவிடக் கொஞ்சம் நீளமான பாட்டு.

சயோ ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள். நீட்டியிருந்த காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, மண்டியிட்டு உட்கார்ந்தாள். பெரியவர்கள் முன்னால் அங்கே அப்படித்தான் உட்காருவார்கள். கென்சாகு அதைக் கவனிக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவர் வைத்த சத்தத்தைக் கேட்டு, அவளுக்குக் கோபம் வந்துவிட்டது என்றே நினைத்தார்.

"கிளம்புங்கள்," என்றாள். "கடைக்குப் போகலாம்."

தெருமுனை சூப்பர் மார்க்கெட்டில் முட்டைப் பெட்டிகளுக்கு மேலே ஒரு சின்ன ஒலிபெருக்கி தொங்கியது. அதில் அந்தப் பாட்டுத்தான். முடிந்தது, தொடங்கியது, மறுபடி முடிந்தது.

கென்சாகு பால் பாக்கெட்டுகளின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சயோ கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு வாயைத் திறந்து, பாட்டுக்கு எதிராகப் பாட ஆரம்பித்தாள். அது ஏறும் இடத்தில் இறங்கினாள். அது முடித்த பிறகு தான் முடித்தாள். கூடையோடு நின்ற ஒரு அம்மாள் மெதுவாக நகர்ந்து போய்விட்டாள்.

கென்சாகு சட்டென்று அவள் பக்கம் திரும்பினார். சயோவின் முதல் ஆல்பம் இப்படித்தான் தொடங்கும். அதைக் கேட்டுத்தான் அவர் வேலையை விட்டுவிட்டு அவளைத் தேடி வந்திருந்தார்.

"பதினேழு வயதில் நான் இங்கே முட்டை அடுக்கினேன்," என்றாள் சயோ. "காலையிலிருந்து சாயங்காலம்வரை இதே பாட்டு. பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. தப்பிப்பதற்காக எதிர்ப்பாட்டுப் பாடினேன். இழுத்துப் பார்த்தேன், கவிழ்த்துப் பார்த்தேன். அது அசையவே இல்லை. ஒரு சுரத்தை உருவினால் மொத்தமும் சரியும், அப்படிக் கட்டியிருந்தது. இன்றைக்கும் நான் அதோடுதான் மல்லுக்கட்டுகிறேன்."

"இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை?"

"எல்லாப் பேட்டியிலும் சொன்னேனே! என்னைப் பாதித்தது முட்டைப் பாட்டு என்றேன். ஏதோ தத்துவம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். யார் எழுதிய பாட்டு என்று இந்தக் கடையிலேயே விசாரித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை."

கென்சாகு ஒரு பெட்டி முட்டையைக் கையில் எடுத்தார். எதற்கு என்று தெரியாமல் திரும்ப வைத்தார்.

"நாளைக்கு நான் என்ன சொல்வது, சென்செய்?"

"அது உங்கள் பாடு."

மறுநாள் அரங்கு நிறைந்திருந்தது. பெரும்பாலும் கறுப்புச் சட்டை போட்டவர்கள். புரியாத இசையைக் கேட்கவென்றே முகத்தை இறுக்கிக்கொண்டு வந்தவர்கள்.

எப்போதும் கடைசியில் வாசிக்கும் சயோ அன்று முதலில் ஏறினாள். மைக்கின் முன் நின்றாள்.

"சுகிமோரி கென்சாகு," என்றாள்.

சபையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எந்த ஊர் மேதை இவர்?

திரைக்குப் பின்னால் கென்சாகு ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டார். பல் டாக்டரின் வரவேற்பறையைத் தவிர வேறெங்கும் யாரும் அந்தப் பெயரை உரக்கச் சொன்னதில்லை. அவருக்கு அழுகை வந்தது.

சயோ கீபோர்டின் முன் உட்கார்ந்து முட்டைப் பாட்டை வாசித்தாள். கலக்கவில்லை, கவிழ்க்கவில்லை. உள்ளது உள்ளபடி.

முதல் சுற்றில் சபை சிரித்தது.

இரண்டாவது சுற்றில் யாரோ வார்த்தைகளோடு பாடினார்கள்.

அதன்பின் நிறுத்த முடியவில்லை. கறுப்புச் சட்டைகள் எல்லாம் வாய்விட்டு, ஒரு சொல் பிசகாமல் பாடின. யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது.

சயோ எழுந்தாள். சபைக்கு முதுகைக் காட்டி, திரைப்பக்கம் திரும்பி, இடுப்பு வளைய வணங்கினாள். இறங்கிப் போனாள்.

"அடுத்து," என்றார் அறிவிப்பாளர், "சுகிமோரி கென்சாகு."

சபை அடங்கியது.

கென்சாகு கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்தார். மைக் அவர் வாய்க்குக் கீழே இருந்தது. குனியாமல், அதைத் தன் உயரத்துக்கு ஏற்றினார்.

"யாரிடமிருந்து எடுத்தீர்கள்?" என்று வழக்கப்படி கேட்டார் அறிவிப்பாளர்.

"இப்போது நீங்கள் எல்லோரும் பாடினீர்களே," என்றார் கென்சாகு, "அதை எழுதியவனிடமிருந்து."