முறுக்கு டின்னின் மூடி

"என் கேலக்ஸி பொய் சொல்லுது, மேடம்" என்றார் வேதநாயகம்.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது வருடம் இயற்பியல் நடத்தியவர். நாற்பத்திரண்டு வயதில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியே தீருவேன் என்று சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, மலை மேலிருந்த வானாய்வு மையத்துக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. வழிகாட்டி நூர்ஜகானுக்கு முப்பத்தாறு வயது. அவர் இவரை சார் என்பார், இவர் அவரை மேடம் என்பார்.

"என்ன பொய்?"

"அந்த நட்சத்திரத் திரள்ல வாயு சுத்துற வேகத்தை வெச்சு மொத்த நிறையைப் போட்டேன். வெளிச்சத்தை வெச்சு நட்சத்திரங்களோட நிறையைத் தனியா போட்டேன். நட்சத்திரங்களைவிட மொத்தம் குறையுது."

"கூடையோட நிறுத்தா, வெறும் கத்திரிக்காயைவிடக் குறையுதா?"

"அதேதான். எட்டு தடவை போட்டாச்சு. திங்கட்கிழமைக்குள்ள ஆய்வேட்டைக் குடுக்கணும். இல்லேன்னா மூட்டை கட்ட வேண்டியதுதான்."



நூர்ஜகான் ஆய்வேட்டைப் புரட்டினார். கணக்குப் பக்கங்களையெல்லாம் தாண்டிப் போய் நன்றியுரையில் நின்றார்.

இயக்குநருக்கு நன்றி. தொலைநோக்கிக்கு நன்றி. கணினிக்கு நன்றி. பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை எடுத்துக் கொடுத்தவருக்குக்கூட நன்றி.

"வீட்டுல யாரும் இல்லையா சார்?"

"ரூபாவதி இருக்கா. அவ பாவம். வந்துடுங்கன்னு கூப்பிட்டதும் இல்லை, கோவிச்சுக்கிட்டுப் போனதும் இல்லை. அவ பாட்டுக்கு சும்மா இருக்கா மேடம்."

மேசை மேல் ரூபாவதி அனுப்பிய முறுக்கு டின் இருந்தது. மாதம் தவறாமல் பஸ்ஸில் வந்துவிடும்.

நூர்ஜகான் அதன் மூடியைக் கழற்றினார். ஓரத்தில் ஒரு எள் ஒட்டியிருந்தது. மூடியை வேதநாயகத்தின் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, சக்கரம் போலச் சுழற்றினார்.

"எள்ளு உங்க பக்கம் வருதா?"

"இல்லை."

"உங்களை விட்டு விலகிப் போகுதா?"

"இல்லை."

"அப்போ சும்மா இருக்கா?"

வேதநாயகம் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

கிட்ட வருவதையும் எட்டப் போவதையும் மட்டும்தான் கருவி வேகம் என்று காட்டும். முகத்துக்கு நேரே சுற்றுவது அதற்குத் தெரியாது. பிள்ளைகளுக்கு அவரே நடத்திய பாடம்தான்.

படத்தில் திரளின் கைகள் இரண்டு பக்கமும் நீண்டிருந்ததைப் பார்த்து, அது நன்றாகச் சாய்ந்திருக்கிறது என்று முதல் நாளே முடிவு கட்டியவர் அவர். எட்டு தடவையும் அந்தச் சாய்வை மட்டும் மாற்றிப் பார்க்கவில்லை.

ஓடிப்போய் வாயுவின் படத்தை எடுத்துப் பார்த்தார். ஏறக்குறைய முழு வட்டம். அது இத்தனை நாளும் முகத்தை இவர் பக்கம் காட்டிக்கொண்டுதான் சுற்றியிருக்கிறது.

சாய்வைக் குறைத்து ஒன்பதாம் தடவை கணக்குப் போட்டார். வேகம் மூன்று மடங்கு ஏறியது. வர்க்கக் கணக்கில் நிறை ஒன்பது மடங்கு ஏறியது.

"வந்துருச்சு மேடம்! நட்சத்திரம் போக எவ்வளவோ மிச்சம் இருக்கு! கண்ணுக்குத் தெரியாத அந்த நிறைதான் எல்லாத்தையும் பிடிச்சு வெச்சிருக்கு!"

"சந்தோஷம் சார்."

நூர்ஜகான் கையெழுத்துப் போட்டார். ஒரு தாளை மட்டும் உருவி மேசையில் வைத்து, அதன் மேல் டின் மூடியை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

நன்றியுரைத் தாள்.

வேதநாயகம் எள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்தார்.

"ரூபா, காலையில இருந்து என்ன செஞ்சே?"

"என்னத்துக்குக் கேக்கீங்க?"

"சும்மா சொல்லேன்."

"நாலரைக்குத் தண்ணி வந்துச்சு, புடிச்சேன். உங்க அப்பாவைக் குளிப்பாட்டினேன். சின்னவளைப் பள்ளிக்கூடத்துல விட்டேன். உங்க அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி ஊசி போட்டுட்டு வந்து, தைக்க வந்த பிளவுஸ் அஞ்சை முடிச்சேன். இப்ப உங்களுக்கு முறுக்கு மாவு பிசையுதேன். வேற ஒண்ணும் செய்யல."

வேதநாயகத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. ஐந்து வருடம் தன்னைப் பிடித்து வைத்திருந்தது எது என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

"ரொம்ப நன்றி ரூபா" என்றார். கல்யாணமாகி இருபத்தோரு வருடத்தில் அந்த வார்த்தையை அவளிடம் சொன்னது அன்றுதான்.

அந்தப் பக்கம் மாவு பிசைவது நின்றுவிட்டது போலிருந்தது.

"ஏங்க," என்றாள் ரூபாவதி, "காய்ச்சலா? மேலுக்கு முடியலையா?"