கோமதிநாயகம் புத்தகம் தொலைத்த கதை

“பிள்ளைங்க படிக்கவே மாட்டுக்காங்க, மேடம்.”

சொன்னவர் கோமதிநாயகம். வயது ஐம்பத்து மூன்று. சங்கரன்கோவில் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நூலகர்.

கேட்டுக்கொண்டிருந்தவர் பல்கீஸ். வயது முப்பத்தொன்று. பள்ளி நூலகர்களுக்குப் பயிற்சி முகாம் நடத்த வந்தவர். அவரும் நூலகர்தான், கடையநல்லூரில். அவர் பள்ளியில் பிள்ளைகள் சோற்றுத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டுப் புத்தகம் படிக்கிறார்கள் என்று மாவட்டம் முழுக்கப் பேச்சு.

அந்த வித்தையைக் கற்றுக்கொள்ளத்தான் கோமதிநாயகம் இரண்டு நாளாக முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நோட்டு நிறைந்துவிட்டது. வித்தை மட்டும் பிடிபடவில்லை.

“எல்லாம் செஞ்சு பாத்துட்டேன். சுவத்துல வாசகம் எழுதிப் போட்டேன். உறுதிமொழி எடுக்க வச்சேன். ஒரு பிள்ளை உள்ள எட்டிப் பாக்கல. இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பாராம் ஹெச்.எம். அதுக்கு மேல நூலக ரூமுல விடைத்தாள் கட்டை அடுக்கிருவாராம்.”

“உங்கள என்ன செய்வாங்க?”

“சத்துணவுக்கூடத்துல வரிசை பாத்துக்கிடச் சொல்லுவாங்க.”

பல்கீஸ் அவருடைய நோட்டை மூடி வைத்தார்.

“இதுவரைக்கும் எத்தனை புத்தகம் தொலைஞ்சிருக்கு, அண்ணாச்சி?”

கோமதிநாயகத்தின் முதுகு நிமிர்ந்தது. இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று இருபத்திரண்டு வருடமாகக் காத்திருந்தவர் அவர்.

“ஒண்ணுகூட இல்ல.”

கூடத்தில் இருந்த நூலகர்கள் எல்லாரும் கை தட்டினார்கள். பல்கீஸ் தட்டவில்லை. துக்க வீட்டுக்கு வந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டார்.

“அடுத்த முகாம் ஒரு மாசம் கழிச்சு. அதுக்குள்ள பத்துப் புத்தகத்தைத் தொலைச்சிட்டு வாங்க. பிள்ளைங்க ஏன் படிக்கலைன்னு அப்பப் பதில் சொல்லுதேன்.”

“தொலைச்சிட்டா?”

“ஆமா.”

“விளக்கம் கேப்பாங்களே, மேடம்!”

பல்கீஸ் ஒரு தாளை எடுத்து எழுதினார். ‘பயிற்சியின் பகுதியாக இவர் பத்துப் புத்தகங்களைத் தொலைக்க வேண்டும்.’ கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

*

கோமதிநாயகம் சொன்னதைச் செய்கிறவர்.

திங்கட்கிழமை காலை தென்னை வளர்ப்பு பற்றிய புத்தகம் ஒன்றைப் பேருந்து சீட்டில் வைத்துவிட்டு, பார்க்காதது போல இறங்கி நடந்தார். பிள்ளையைச் சந்தையில் விட்டுவிட்டு வருவது போல இருந்தது.

பின்னால் விசில் கேட்டது. பேருந்து நின்றது. கண்டக்டர் ஓடி வந்தார்.

“அண்ணாச்சி! புத்தகத்தை விட்டுட்டுப் போறியளே!”

செவ்வாய்க்கிழமை டீக்கடை பெஞ்சில் விட்டார். அவர் பள்ளிக்கூடம் வந்து சேருமுன்பே புத்தகம் வந்து மேஜையில் உட்கார்ந்திருந்தது.

புதன்கிழமை காய்கறிக் கடையில், கத்தரிக்காய்க் குவியலுக்குள் சொருகினார். கடைக்கார அம்மா ஆள் விட்டுத் திருப்பி அனுப்பினாள். கூடவே ஒரு கொத்துக் கருவேப்பிலையும்.

வியாழக்கிழமை அவர் பல்கீஸுக்குப் போன் போட்டார்.

“மேடம், தொலைய மாட்டுக்கு.”

“எதை வச்சீங்க?”

“தென்னை வளர்ப்பு.”

“அதை யாரு தூக்கிட்டுப் போவா? களவாடத் தோணுற மாதிரி ஒண்ணு வைங்க, அண்ணாச்சி.”

பல்கீஸ் போனை வைத்துவிட்டார்.

கோமதிநாயகம் அலமாரிகளைத் திறந்துவிட்டு முன்னால் நின்றார். மூவாயிரத்துச் சொச்சம் புத்தகங்கள். எல்லாவற்றுக்கும் காக்கி அட்டை, எண், முத்திரை. இதில் களவாடத் தோன்றுகிற புத்தகம் எது?

ஒரு மணி நேரம் நின்றார். கடைசியில் காக்கி அட்டையைப் பிரித்துப் பார்த்து, உள்ளே கிணறு படம் போட்டிருந்த ஒரு பேய்க்கதையை எடுத்தார். அன்று சாயங்காலம் முடி வெட்டப் போன இடத்தில், சினிமாப் பத்திரிகைகளுக்கு நடுவில் வைத்துவிட்டு வந்தார்.

ஒரு நாள் போனது. இரண்டு நாள் போனது. புத்தகம் வரவில்லை. கோமதிநாயகத்துக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் கவலை.

நான்காம் நாள் சலூன்காரர் சுடலைமுத்து பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். தோளில் துண்டு. கையில் புத்தகம்.

“இதை ஏன் கொண்டாந்தீரு?” கோமதிநாயகம் கிட்டத்தட்ட அழுதுவிட்டார்.

“உள்ள எழுதிப் போட்டிருக்கியள்லா. இன்னைக்குத்தான் கண்ணுல பட்டுது.”

முதல் பக்கத்தில் சிவப்பு மையில், கோமதிநாயகத்தின் கையெழுத்தில் இருந்தது: ‘தொலைத்தால் பெற்றோரை அழைத்து வர வேண்டும்.’

“எங்க அய்யா போய்ச் சேந்து ஒம்பது வருசம் ஆச்சு. அம்மைக்கு முழங்கால் வலி. இம்புட்டு தூரம் எப்படிக் கூட்டிட்டு வருவேன்? அதான் வம்பு வேண்டாம்னு நானே கொண்டாந்துட்டேன்.”

கோமதிநாயகம் பக்கங்களைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் முடி. கறுப்பு, நரை, மருதாணி போட்ட சிவப்பு. அறுபத்து மூன்றாம் பக்கம் வரைக்கும் முடி. அதற்கு மேல் ஒரு இழைகூட இல்லை.

ஏசுவதற்கு வாயைத் திறந்தார். அதற்குள் சுடலைமுத்து பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“கிணத்துக்குள்ள இருந்து கூப்பிட்டது யாரு, அண்ணாச்சி?”

“எந்தக் கிணறு?”

“என்ன இப்படிக் கேக்கிய? மூணு நாளா கடையில இதே பேச்சுதான். பாதிச் சவரத்தோட ஒருத்தர் எந்திரிக்க மாட்டேன்னு உக்காந்துட்டாரு. யாருன்னு மட்டும் சொல்லிருங்க, நான் போயிருதேன்.”

கோமதிநாயகத்துக்கு அந்தப் புத்தகத்தின் எண் தெரியும். வந்து சேர்ந்த தேதி தெரியும். எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

“எனக்குத் தெரியாது” என்றார்.

“இத்தனை வருசமா நீங்கதானே வச்சிருக்கிய?”

சுடலைமுத்து கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். அதுதான் உறைத்தது.

“நாளைக்கு வாரும். சொல்லுதேன்.”

*

அவர் போனதும் கோமதிநாயகம் முடிகளை ஊதித் தள்ளிவிட்டு முதல் பக்கத்தைத் திறந்தார்.

மதிய மணி அடித்தது. டிபன் பாக்ஸ் திறக்கப்படவில்லை. மறுபடி மணி அடித்தது. அதுவும் அவர் காதில் விழவில்லை.

நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் கிணற்றுக்குள் இருந்த ஆள் தலையை நீட்டினான்.

“அட நாசமாப் போறவனே! நீயாடா!”

வராந்தா முழுக்க எதிரொலித்தது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து மூன்று பெண் பிள்ளைகள் ஓடி வந்து எட்டிப் பார்த்தார்கள். முன்னால் நின்றவள் பேச்சித்தாய்.

“சார், யாரை ஏசுதீங்க?”

“உங்கள இல்லம்மா. இதுல ஒருத்தன்...” சொல்ல வந்தவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

“யாரு சார்?”

“சொல்ல மாட்டேன்.”

“சார், சார். சொல்லுங்க சார்.”

“சொன்னா அப்புறம் படிக்கையில சப்புனு போயிரும்.”

பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்தார்கள். அவரைப் பார்த்தார்கள். உள்ளே வந்தார்கள். அந்த அறைக்குள் கூட்டிப் பெருக்க அல்லாமல் பிள்ளைகள் வந்தது அதுதான் முதல் தடவை.

“நாளைக்குக் காலையில தந்திருதேன் சார்” என்றாள் பேச்சித்தாய்.

கோமதிநாயகம் பேனாவை எடுத்தார். சிவப்பு எழுத்தின் மேல் ஒரு கோடு போட்டார். இன்னொரு கோடும் போட்டார். பிறகு புத்தகத்தை நீட்டினார்.

காலையில் அது வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. பேச்சித்தாய் தன் அம்மா மேல் கை காட்டினாள். அம்மா யாரோ மதினி மேல் கை காட்டினாள்.

அப்படித்தான் முதல் புத்தகம் தொலைந்தது.

கிணற்றுக்குள் யார் என்று சொல்லாததால் சண்டைக்கு வந்த சுடலைமுத்துவுக்கு வேறொரு புத்தகத்தைக் கொடுத்து அனுப்பினார். முதலில் தான் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

*

மாதக் கடைசியில் தலைமையாசிரியர் ஞானப்பிரகாசம் ஒரு தச்சரை அழைத்துக்கொண்டு வந்தார். விடைத்தாள் கட்டுகளுக்கு மரத்தட்டு அடிக்க அறையை அளக்க வேண்டும்.

சுவரை ஒட்டிப் பதினோரு பிள்ளைகள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

“காலை மடக்குங்க.”

மடக்கினார்கள். ஒருவரும் தலையை நிமிர்த்தவில்லை.

தச்சர் அளவு நாடாவின் ஒரு நுனியைத் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டு மறு நுனியோடு அந்தக் கோடிக்குப் போனார். போனவர் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை.

“எவ்வளவுய்யா?” என்று தலைமையாசிரியர் இங்கிருந்து கத்தினார்.

நாடாவை ஒரு இழுப்பு இழுத்தார்.

“அளவு எவ்வளவு?”

“பாப்பா, திருப்பிராத” என்றார் தச்சர், கீழே இருந்த பிள்ளையிடம். “நான் இன்னும் கீழ் வரிக்கு வரல.”

தலைமையாசிரியர் நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கை வலித்தது. அலமாரியைப் பார்த்தார். அங்கங்கே பல் விழுந்தாற்போல் இடைவெளி.

“புத்தகமெல்லாம் எங்க, கோமதிநாயகம்?”

“தொலைஞ்சு போச்சு, சார்.” சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தார்.

ஞானப்பிரகாசம் அதை இரண்டு தடவை படித்தார். பதினோரு பிள்ளைகளையும் பார்த்தார். தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“விடைத்தாளை மாடிப்படிக்குக் கீழ வச்சுக்கிடலாம்” என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

தச்சர் அவரோடு போகவில்லை.

*

இரண்டாவது முகாம்.

“எத்தனை தொலைஞ்சுது, அண்ணாச்சி?” என்று கேட்டார் பல்கீஸ்.

“ஒம்பது.”

“எங்க இருக்குன்னு ஏதாவது துப்பு உண்டா?”

“பேய்க்கதை பீடி சுத்துற இடத்துல இருக்காம். ஒருத்தி வாசிக்க, மத்தவங்க கேட்டுக்கிட்டே சுத்துதாங்களாம். கடையைப் பூட்டிட்டு சுடலைமுத்துவும் அங்கதான் போயி நிக்காரு. இன்னொண்ணு ஹெச்.எம். வீட்டம்மாகிட்ட மாட்டிக்கிட்டுன்னு கேள்வி. போயிக் கேக்க எனக்குத் தைரியம் இல்ல. மத்ததெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல.”

“பத்தாவது?”

கோமதிநாயகம் மடியில் இருந்த பையை, உள்ளே இருந்த புத்தகத்தோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“பத்தும் தொலைஞ்சாத்தான் பதில் சொல்லுதேன்னு சொன்னேன்லா?”

“பதில் உங்ககிட்டயே இருக்கட்டும், மேடம்” என்றார் கோமதிநாயகம். “எனக்கு இன்னும் நாப்பது பக்கம் இருக்கு.”