யவனக் காவலன் தள்ளிவிட்ட தொடைக்கறி

கப்பல்கள் வந்து நிற்கும் ஒரு பட்டினத்தை அந்தக் காலத்தில் செங்கோடன் என்ற ராசா ஆண்டார். நல்ல மனசுதான், ஆனால் கோபம் மூக்கு நுனியில்! அரண்மனை வாசலைக் காத்தவன் லைக்கோன் என்ற யவனன். ராசா குழந்தையாக இருந்தபோது தோளில் தூக்கிக் கடல் காட்டியவன். ராசாவுக்கு அவன்மேல் உயிர்.

லைக்கோன் காய்ச்சலில் படுத்தான். பாவம், தமிழே மறந்துபோய் யவனப் பேச்சு மட்டும் மிஞ்சியது. உடம்பு தேறட்டும் என்று ராசா முழு ஆட்டுத்தொடையைத் தன் கையால் கொண்டுபோய் வைத்தார். அவனோ “கிரேயா, கிரேயா” என்று முனகித் தட்டைத் தள்ளிவிட்டான். மூன்று நாளாக இதே கதை.

அவன்மேல் பொறாமை பிடித்த பண்டிதர் மதிவாணர் எழுந்தார். “அரசே, அது யவனர் கறிக்குச் சொல்லும் சொல். வடமொழியில் கிரவ்யம் என்றால் பச்சை மாமிசம். இரண்டும் ஒரே வேர். பச்சைக் கறி போட்டீர்கள் என்று பழிக்கிறான்!”

ராசா முகம் சுண்டிப்போயிற்று. “என் கையால் கொடுத்ததையா? நாளைக்கே அவனை அவன் நாட்டுக்குக் கப்பலில் ஏற்றுங்கள்!”

அந்த உடம்பு கடலில் இரண்டு நாள் தாங்காது. அது எல்லோருக்கும் தெரியும். சமையற்காரி கொற்றி மட்டும் அகப்பையோடு வந்து நின்றாள்.

“ராசா, வேரைத் தின்னு யாருக்கு வயிறு நிறைஞ்சுது? ஒரு நாழிகை குடுங்க. அவர் சாப்பிடலைன்னா என்னையும் அந்தக் கப்பல்லயே ஏத்துங்க.”

தொடையைச் சமமாகக் கூறு போட்டாள். லைக்கோனுக்கு ஓர் இலை, ராசாவுக்கு ஓர் இலை, பண்டிதருக்கும் ஓர் இலை. எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள். லைக்கோன் ஒவ்வோர் இலையாகப் பார்த்தான். பிறகு மெதுவாக எடுத்துத் தின்றான்!

“துறைமுகத்துல யவனருக்குச் சமைச்சிருக்கேன் ராசா,” என்றாள் கொற்றி. “ஒத்தைக் கறி கிரேயஸ், பல துண்டுன்னா கிரேயா. சாமிக்கு வெட்டின ஆட்டைச் சமமாப் பங்கிட்டுக் கூடித்தான் தின்பாங்க. இவர் கேட்டது அந்தப் பங்கைத்தான். நீங்க முழுத் தொடையை வெச்சு இவரைத் தனியா உட்கார வெச்சுட்டீங்க.”

ராசாவுக்குக் கண் கலங்கியது. கைக்கடகத்தைக் கழற்றிக் கொற்றிக்குக் கொடுத்தார். “பண்டிதரே, சொல்லின் பிறப்பைப் பார்த்தீர், சொன்னவன் பசியைப் பார்க்கவில்லை. நானும்தான்! இனி அமாவாசைதோறும் வாசலில் விருந்து. கூறு போடுவது நீர்.”

பண்டிதர் தலைகுனிந்தார். அவர் இலை மட்டும் அதற்குள் காலி!

லைக்கோன் தன் பங்கில் பாதியைப் பிய்த்து ராசாவின் இலையில் வைத்தான். மறந்த தமிழ் மெல்ல வந்தது.

“சாப்பிடு, குட்டி ராசா.”