இல்லாத குறை

"என் பந்தியில என்ன குறை கண்டாங்கன்னு நீங்களே சொல்லுங்க தாயே," என்றார் ஆறுமுகநயினார்.

உலகம்மை அம்மையாருக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஆற்றங்கரையில் தனிக்குடிசை. ஊரெல்லாம் நியாயம் கேட்டுக் களைத்தவர்கள் கடைசியில் அங்கேதான் வருவார்கள்.

"என்ன நடந்துச்சு அண்ணாச்சி?"

"மக கல்யாணம். இலையில வைக்க இடமில்லாத அளவுக்குச் செஞ்சு போட்டேன். சாப்பிட்டு முடிச்சு சம்பந்தி என் முன்னால வந்து நின்னாரு. நானும் நின்னேன்."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"குறை இருந்தா பொறுத்துக்கிடுங்கன்னு கைகூப்பணுமாம். வழக்கமாம். இல்லாத குறையை எதுக்குச் சொல்லணும்? எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்ல."

அன்று பெண்ணை அழைத்துக்கொண்டு போனவர்கள்தான். ஆடிக்கும் அனுப்பவில்லை, தீபாவளிக்கும் அனுப்பவில்லை. பருப்பில் கல் கிடந்தது என்று சம்பந்தி போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் முகத்தைப் பார்க்காமல் நயினாருக்குச் சோறு இறங்கவில்லை. வீராப்பும் இறங்கவில்லை.

அம்மையார் இலை போட்டார். சோறு வைத்து ரசம் ஊற்றினார்.

முதல் வாயிலேயே நயினாருக்குத் தெரிந்துவிட்டது. உப்பே இல்லை. நடந்து வந்த பசி, சாப்பிட்டுவிட்டார்.

கைகழுவித் திரும்பினால், அம்மையார் கைகூப்பி நிற்கிறார்.

"ஏதாச்சும் குறை இருந்தா பொறுத்துக்கிடுங்க அண்ணாச்சி."

"என்ன தாயே இப்படிச் சொல்றீங்க. ஒரு குறையும் இல்ல. வயிறும் மனசும் நிறைஞ்சு போச்சு."

"ரசத்துல நான் உப்பு போடலையே."

"அது தெரியும்."

"பொய் சொல்லிப் பழக்கமில்லன்னீங்க?"

நயினார் துண்டால் கையைத் துடைத்தார். காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க கைகூப்பி நிக்கும்போது உப்பையா சொல்ல முடியும்?"

"நான் சும்மா நின்னிருந்தா?"

"போற வழியெல்லாம் உப்பைத்தான் சொல்லியிருப்பேன்."

சொன்ன பிறகுதான், தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வீட்டுக்கா அண்ணாச்சி?"

"சம்பந்தி வீட்டுக்கு," என்றார் நயினார். "பருப்புல கல் கிடந்தாலும் கிடந்திருக்கும் தாயே."