ஆவுடையப்பன் சர்க்கரை இறக்கிய கதை

கடவுள் புத்தியைப் பரிமாறியபோது முதல் பந்தியில் உட்கார்ந்தவர்கள் உண்டு, கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவர்களும் உண்டு. சட்டுவக்குளத்துச் சமையல் கோஷ்டி இலை எடுத்த பிறகுதான் போய்ச் சேர்ந்தது. ஆனால் கைப்பக்குவத்தில் அவர்களைக் குறை சொன்னால் நம் நாக்கு அழுகிப் போகும்.

கோஷ்டித் தலைவர் ஆவுடையப்பன். அவருக்குக் கீழே சுடலைக்கண்ணு, மந்திரம், பிச்சைக்கனி என்று மூன்று பேர். கொஞ்ச நாளாகவே ஆவுடையப்பனுக்கு உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ராத்திரி பூராவும் ஒன்றுக்குப் போக எழுந்திருப்பார். அடுப்புக் கங்கு பாதத்தில் விழுந்தால் அவருக்கு உறைக்காது. "அண்ணாச்சி, தோல் கருகுற வாடை வருதே" என்று பக்கத்தில் நிற்கிறவன்தான் சொல்ல வேண்டும்.

கண்ணிலும் புகைமூட்டம். அதுதான் அவரை உலுக்கிவிட்டது. ஒரே மகள் முத்தரசிக்கு வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை ராஜா மாதிரி இருக்கிறார் என்று ஊரே சொல்கிறது. ஆவுடையப்பனுக்கோ பெண் பார்க்க வந்த அன்றைக்குக் கஞ்சி போட்ட வேட்டி ஒன்று உட்கார்ந்து எழுந்து போனதுதான் தெரிந்தது. தாலி கட்டும்போதாவது அந்த முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

கோஷ்டியோடு டவுனுக்குப் போய் டாக்டர் எஸ்தரைப் பார்த்தார்.

"கண்ணுல புரை. ஆபரேஷன் பண்ணினாச் சரியாயிடும்," என்றார் டாக்டரம்மா. "ஆனா சர்க்கரை ரொம்ப ஏறியிருக்கு. அடிக்கடி ஒண்ணுக்குப் போறது, கால் மரத்துப் போறது எல்லாம் அதனாலதான். அது இறங்கினாத்தான் நான் கண்ணுல கை வைப்பேன். மாத்திரையை ஒழுங்காப் போடுங்க. வாயைக் கட்டுங்க. காலைக் கண்ணு மாதிரிப் பாத்துக்கிடணும். தண்ணி தாராளமாக் குடிங்க. வெள்ளிக்கிழமை வெறும் வயித்தோட வாங்க."

நாலு பேரும் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு வந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சுடலைக்கண்ணு மாத்திரைகளை எடுத்து, கோலப்புள்ளி மாதிரி வரிசை பிசகாமல் தரையில் போட்டான். அதைவிட ஒழுங்காக யாராலும் போட முடியாது. மந்திரம் ஒரு ஈரிழைத் துண்டால் அண்ணாச்சியின் வாயைக் கட்டினான்.

"அப்ப எப்படிச் சாப்பிடுவாங்க?" என்று கேட்டான் பிச்சைக்கனி.

"கட்டத்தான் சொன்னாங்க. அவுக்கக் கூடாதுன்னு சொல்லலையே."

நியாயம்தானே. சாப்பாட்டு நேரத்தில் துண்டை அவிழ்த்தார்கள். ஆவுடையப்பன் வழக்கம்போலப் பாயசம் வரைக்கும் சாப்பிட்டு ஏப்பம் விட்டார். அப்புறம் மறுபடியும் இறுக்கிக் கட்டிவிட்டார்கள்.

காலைக் கண் மாதிரிப் பார்த்துக்கொள்வது பிச்சைக்கனியின் பொறுப்பு. இரண்டு பாதத்துக்கும் மை தீட்டினான். வெயிலில் போகும்போது ஒவ்வொரு காலிலும் ஒரு கூலிங்கிளாஸை நூல் போட்டுக் கட்டிவிட்டான். இனி மிச்சம் சர்க்கரைதான்.

"எங்கேலே ஏறியிருக்கு அது?" என்று துண்டுக்குள்ளிருந்து கேட்டார் ஆவுடையப்பன்.

சுடலைக்கண்ணுவின் முகம் செத்துப் போயிற்று. "பரண்ல அண்ணாச்சி. நான்தான் ஏத்தினேன். உங்க கண்ணு போனதுக்கு இந்தப் பாவிதான் காரணம்."

"அழாதடே," என்று தேற்றினான் மந்திரம். "ஆனா ஒரு சந்தேகம். நம்ம ஊருல சர்க்கரைன்னா வெல்லச் சர்க்கரை. அந்தம்மா டவுன்காரங்க, சீனியைச் சொல்லியிருந்தா?"

வெகுநேரம் யோசித்து இரண்டையுமே இறக்குவது என்று முடிவாயிற்று. கல்யாணத்துக்கென்று வாங்கி வைத்த மூட்டைகள் இரண்டும் தரைக்கு வந்தன. ஆவுடையப்பன் கண்ணைக் கசக்கிப் பார்த்தார். புகைமூட்டம் அப்படியே இருந்தது.

"இன்னும் இறங்கணும் போல," என்றான் மந்திரம்.

"தரைக்குக் கீழ எங்க போய் இறக்க?"

"கிணறு எதுக்கு இருக்கு?"

மூட்டைகளைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் விட்டார்கள். காலையில் இழுத்துப் பார்த்தால் வெறும் சாக்குதான் வந்தது. "பூராவும் இறங்கிட்டு அண்ணாச்சி," என்றான் சுடலைக்கண்ணு. ஆவுடையப்பன் கட்டிய வாயோடு கையெடுத்துக் கும்பிட்டார். அப்புறம் டாக்டரம்மா சொன்னபடி அந்தக் கிணற்றுத் தண்ணீரைச் செம்பு செம்பாகக் குடித்தார். வைத்தியம் இவ்வளவு ருசியாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் முன்னாடியே நோயாளி ஆகியிருக்கலாமே என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை வயிறு முட்ட இட்லி தின்றார். சட்டையையும் பனியனையும் கழற்றி வைத்துவிட்டு வெறும் வயிற்றோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

சோதித்துப் பார்த்த டாக்டரம்மா, சர்க்கரை முன்னைவிட ஏறியிருக்கிறதே, என்னய்யா செய்தீர்கள் என்று கேட்டார். நாலு பேரும் ஒன்று விடாமல் சொன்னார்கள். அந்தம்மா பேனாவை மூடி வைத்தார். பிறகு, "நீங்க மூணு பேரும் வீட்டுக்குப் போங்க. இவரை மட்டும் விட்டுட்டுப் போங்க," என்றார்.

அந்த மூன்று பேர் பக்கத்தில் இல்லாததாலேயே பாதி நோய் தீர்ந்தது. மீதியை ஊசி மருந்து பார்த்துக்கொண்டது. சர்க்கரை இறங்கிற்று, ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. கட்டைப் பிரித்து விரலைக் காட்டினால் ஆவுடையப்பன் பளிச்சென்று எண்ணிச் சொன்னார். டாக்டரம்மா நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பி வைத்தார். மறுநாள் கல்யாணம்.

வாசலிலேயே கோஷ்டி காத்துக்கிடந்தது.

"அண்ணாச்சி, கண்ணு தெரியுதா?" என்று கேட்டான் மந்திரம்.

ஆவுடையப்பன் சுற்றிலும் பார்த்தார். கூரையில் காக்கா தெரிந்தது. முருங்கைமரத்துக் கம்பளிப்பூச்சி தெரிந்தது. மந்திரத்தின் சொத்தைப்பல்கூடத் தெரிந்தது. கண்ணை மட்டும் காணவில்லை. மேலே பார்த்தார், கீழே பார்த்தார், மாறுகண் வைத்தும் பார்த்தார்.

"மூக்கு நுனி வரைக்கும் தெரியுது," என்றார். "கண்ணு தெரியலையேடே."

"கண்ணாடியில பாருங்களேன்," என்றான் பிச்சைக்கனி.

"அது கண்ணாடிக்குள்ள இருக்கிறவன் கண்ணுடே. என் கண்ணு எங்க?"

சுடலைக்கண்ணு தானும் தேடிப் பார்த்தான். "அண்ணாச்சி, எனக்கும் என் கண்ணு தெரியல." மந்திரத்துக்கும் தெரியவில்லை. பிச்சைக்கனிக்கும் தெரியவில்லை. ஒரே நாளில் மொத்தக் கோஷ்டிக்கும் பார்வை போய்விட்டது. நாலு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

மறுநாள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி மண்டபத்துக்குப் புறப்பட்டார்கள். வழியில் கிடந்த சாணியை வளைந்து தாண்டினார்கள். எதிரே வந்தவரைப் பார்த்து, "என்ன மாமா, சட்டை புதுசா?" என்று விசாரித்துவிட்டு அழுகையைத் தொடர்ந்தார்கள்.

தாலி கட்டி முடிந்து மாப்பிள்ளை வந்து காலில் விழுந்தார். ஆவுடையப்பன் அவரைத் தூக்கி நிறுத்தி, முகத்தை இரண்டு கையிலும் ஏந்தி ஆசைதீரப் பார்த்தார். பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

"மாப்பிள்ளை, ஊர் சொன்னது சரிதான், ராஜா மாதிரிதான் இருக்கிய. கன்னத்து மச்சம்கூட லட்சணமா இருக்கு. சந்தனம் மட்டும் மீசையில ஒட்டியிருக்கு, துடைச்சிக்கிடுங்க," என்றார். "எனக்குக் கண்ணு மட்டும் தெரிஞ்சிருந்தா, உங்க முகத்தை ஒரு தடவை பாத்திருப்பேன். கொடுத்து வைக்கலையே."