எட்டு மீசை மீன்

முன்னொரு காலத்தில் மருதங்கோட்டை நாட்டைக் கந்தர்ப்பராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டது பாதி நேரம், மீசையை நீவியது மீதி நேரம்.

அந்த மீசையைப் பிடித்துத்தான் பிரதானி அனந்தசேகரர் மேலே ஏறினார். ஒருநாள் ஆற்றில் பிடித்த ஆளுயர வாளை மீனை அண்டாவோடு சபைக்கு வெளியே இறக்கி, "பிரபு! இதன் மீசையைப் பாருங்கள், அப்படியே தங்கள் மீசை!" என்றார். ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. வாளைதான் இனி ராஜமீன், அது சேந்தனேரியில் வாழும், அங்கே எவனும் வலை வீசக்கூடாது, கரையிலுள்ள நாற்பது வலைக்குடும்பங்களும் அமாவாசைக்குள் வெளியேற வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டான். அந்தக் கரையில் மாளிகை கட்டப் பிரதானி கண்வைத்திருந்தது அவனுக்குத் தெரியாது.

சேந்தனேரியில் வலை வீசும் வெள்ளச்சியின் காதுக்கும் அந்த உத்தரவு எட்டியது. அந்த ஏரியை விட்டால் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. மண்சட்டியில் ஒரு தேளி மீனைப் போட்டுக்கொண்டு அரண்மனைக்கு நடந்தாள். வாசலில், ஏரிக்குப் போகக் காத்திருந்த வாளையின் அண்டாவுக்குப் பக்கத்திலேயே பிரதானி மறித்தார்.

"சட்டியைக் கீழே வை! பல்லக்கோ பாத்திரமோ, எல்லாம் வாசலோடு சரி. வழக்குக்காரர் வெறும் ஆளாக வந்து நிற்க வேண்டும். மகாராஜா மூன்று முறை மீசையை நீவி முடிக்கும்வரை எவரும் வாய் திறக்கக்கூடாது. இதுதான் சபை வழக்கம்."

"வழக்கம் எல்லாருக்கும் ஒண்ணுதானே சாமி?"

"ஆண்டிக்கும் அரசனுக்கும் ஒன்றுதான்!" என்று நெஞ்சை நிமிர்த்தினார். பாவம், தன் வாயாலேயே மாட்டிக்கொண்டார்.

வெள்ளச்சி உள்ளே போய், ராஜா நீவி முடிக்கும்வரை பொறுமையாக நின்றாள்.

"மகாராஜா, ராஜமீன் பட்டத்தை என் தேளியும் கேக்குது. வாளைக்கு நாலு மீசை, தேளிக்கு எட்டு!"

"அபசாரம்!" பிரதானி சீறினார். "சேற்றில் புரள்வது, தேளாய்க் கொட்டுவது! இரண்டு மீசை வைத்த மன்னருக்கு எட்டு மீசை காட்டுவதா?"

"அப்படிப் பார்த்தால் நாலும் அதிகம்தானே?" என்றான் ராஜா. பிரதானிக்கு இருமல் வந்தது.

வெள்ளச்சி கும்பிட்டாள். "ரெண்டும் வழக்குக்காரங்க மகாராஜா. அண்டாவும் சட்டியும் வாசலோட இருக்கட்டும். வழக்கப்படி ரெண்டும் உங்க முன்னால வரட்டும்."

வேடிக்கை என்றால் ராஜாவுக்குச் சோறே வேண்டாம். இரண்டு மீன்களையும் சபைத் தரையில் விட்டார்கள். ராஜா முதல் முறை நீவினான், வாளை துள்ளியது. இரண்டாம் முறை நீவினான். வாளை வாயைப் பிளந்தது. மூன்றாவதற்கு விரலில் எண்ணெய் தொட்டான். வாளை அசையாமல் கிடந்தது. தேளியோ நெளிந்து நெளிந்து சிம்மாசனத்தின் கீழ்ப்படிக்கே வந்துவிட்டது.

"தண்ணீர்! தண்ணீர்! ராஜமீன் சாகிறது!" என்று பிரதானி அலறினார்.

"நான் இன்னும் நீவி முடிக்கவில்லை. யார் வாய் திறந்தது?" என்றான் ராஜா.

வெள்ளச்சி காத்திருக்கவில்லை. வாளையை வாரியெடுத்துக்கொண்டு ஓடி அண்டாவில் விட்டாள். அது செவுளை அசைத்த பிறகுதான் திரும்பி வந்து, ராஜா மூன்றாம் முறையும் நீவி முடித்ததும் பேசினாள்.

"வாயில்லாத ஜீவன் என்ன பண்ணுச்சு? அதை ஆத்துலயே விடச் சொல்லுங்க மகாராஜா. கோடையில சேந்தனேரி வத்திப்போயிடும். தேளி சேத்துக்குள்ள பதுங்கி, காத்தைக் குடிச்சுக்கிட்டு அடுத்த மழை வரைக்கும் கிடக்கும். நாங்களும் அதுகூடவே கிடப்போம். வாளை தாங்காது. உங்க மீசை வச்ச மீன் வெறும் தரையில செத்து நாறினா, ஊர் என்ன பேசும்?"

ராஜாவின் கை மீசையிலேயே நின்றுவிட்டது. பிறகு சபையே அதிரச் சிரித்தான்.

"வாளை ஆற்றுக்கே போகட்டும்! சேந்தனேரி தலைமுறை தலைமுறையாக உங்களுக்கே! செப்பேட்டில் எட்டு மீசைத் தேளியைப் பொறித்துக் கொடுங்கள். எது எங்கே பிழைக்கும் என்று தெரியாத பிரதானி, நாளை முதல் ஒரு மண்டலம் ஏரிச்சேற்றில் நடந்தே சபைக்கு வரட்டும்!"

மறுநாள் அனந்தசேகரர் இடுப்புவரை சேற்றில் புதைந்தார். வெள்ளச்சிதான் வலையை வீசி இழுத்துக் கரை சேர்த்தாள். நாற்பது குடும்பமும் குலவையிட்டு அவரை வழியனுப்பியது.

சேறு சொட்டச் சொட்டச் சபையில் வந்து நின்று, முறையிட வாயெடுத்தார். ராஜா விரலை உயர்த்தினான். எண்ணெய்க் கிண்ணத்தை அருகே இழுத்து வைத்துக்கொண்டு, மிக மிக நிதானமாக மீசையை நீவத் தொடங்கினான்.